விற்கப் போனவரே பணம் கட்டும் சந்தை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இடுக்கிப் பக்கத்து நமது சங்கக் கிளைக்கு ஒரு தாய் வந்தார். முப்பத்திரண்டு வருடம் கொழுந்து கிள்ளிய கை. ஓய்வு கொடுத்தாகிவிட்டது. லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். இனிமேல் கம்பத்தில் மகள் வீட்டை ஒட்டி ஒரு அறையில் வாசம். கட்டில், பாத்திரம், தையல் மிஷின் எல்லாம் அங்கே கொள்ளும். பிரிட்ஜ் கொள்ளாது. மகள் வீட்டில் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதை விற்றால் லாரி வாடகைக்காவது ஆகும் என்று அந்தத் தாய் கணக்குப் போட்டார். நியாயமான கணக்குத்தான்.

பேரப்பிள்ளை பிரிட்ஜைப் படம் பிடித்து, 7,000 ரூபாய் என்று விலை எழுதி, செல்போன் சந்தையில் ஏற்றிவிட்டான். இன்று ஓ.எல்.எக்ஸ்., பேஸ்புக் என்று எத்தனையோ வழிகள். எந்த வழியாகப் போனது என்பது இங்கே முக்கியமில்லை, எல்லா வழியிலும் இதே கதைதான் நடக்கிறது. முதல் நாளே இருபது பேருக்கு மேல் "இருக்கா?" என்று கேட்டார்கள். "இருக்கு" என்று பதில் போட்டால் அதோடு சரி, ஆள் காணாமல் போய்விடுகிறார். "லாஸ்ட் எத்ர?" என்று ஒருவர் கேட்டு, பாதி விலைக்கும் கீழே ஒரு தொகையைச் சொல்லி, மறுத்தால் ஏதோ நாம் அவருடைய சொத்தை அபகரித்ததைப் போலக் கோபித்துக்கொள்கிறார். நாளைக் காலை எட்டு மணிக்கு வருகிறேன் என்ற ஒருவருக்காகப் பெரியவர் கூலி வேலைக்குப் போகாமல் மாலை வரை வாசலில் உட்கார்ந்திருந்தார். வந்தவர் யாருமில்லை. விளம்பரத்தில் இருந்தது மருமகளின் எண். இரவு பத்து மணிக்குமேல் பிரிட்ஜைப் பற்றிப் பேசாத அழைப்புகளும் வந்தன. அவற்றை விவரிக்க வேண்டியதில்லை, நம் தாய்மார்களுக்குப் புரியும்.

மூன்றாம் நாள் ஒருவர் பேசினார். தான் பட்டாளத்துக்காரர் என்றார், கோயம்புத்தூருக்கு மாற்றலாகி வந்திருப்பதாகச் சொன்னார். அடையாள அட்டையின் படத்தையும் அனுப்பினார். அவர் விலை பேசவே இல்லை. நம் வீட்டுப் பழைய பொருளுக்குச் சொன்ன விலையைச் சொன்னபடி ஒருவன் தருகிறான் என்றால், அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் இருபது பேரிடம் அலுத்துப்போன வீட்டுக்கு அது தெய்வ வாக்காகத்தான் கேட்டது. "பொருளை எடுக்கப் பட்டாளத்து வண்டி வரும், பணத்தை இப்போதே அனுப்பிவிடுகிறேன்" என்று முதலில் ஐந்து ரூபாய் அனுப்பிக் காட்டினார். அது வந்து சேர்ந்தது. அடுத்துக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள் கொண்ட க்யூ.ஆர். கட்டம் ஒன்று வந்தது. "இதைப் படம் பிடியுங்கள், 7,000 போடுங்கள், ரகசிய எண்ணை அழுத்துங்கள், பணம் வந்துவிடும்." அழுத்தினார்கள். 7,000 வரவில்லை, போய்விட்டது. "அடடா, தவறு நடந்துவிட்டது, திருப்பி அனுப்புகிறேன், இன்னொரு கட்டம் அனுப்பியிருக்கிறேன்" என்றார். அப்படியே மூன்று முறை. பணிக்கொடை விழுந்திருந்த கணக்கிலிருந்து மொத்தம் 21,000 ரூபாய் போயிற்று. தோட்டக் கூலியில் அது ஒன்றரை மாதத்து உழைப்பு.

அந்தத் தாய் நம்மைக் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "தம்பி, நான் விக்கத்தானே போனேன்? வாங்கப் போகலையே? பின்னே எப்படி என் பணம் போச்சு?"

உடனே பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

தோழர்களே, பதிலை இங்கே எழுதுகிறோம். இதை வீட்டில் வாய்விட்டுப் படியுங்கள், படிக்கத் தெரியாத பெரியவர்கள் காதில் விழட்டும். செல்போனில் பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. கொடுப்பதற்கு மட்டும்தான் அந்த எண். ரகசிய எண்ணைக் கேட்டு ஒரு கட்டம் திரையில் வந்தால், உங்கள் பணம் வெளியே போகக் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். யு.பி.ஐ. என்ற இந்த முறை 2016இல் வந்தது. ஒருவர் மற்றவரிடம் "எனக்கு இவ்வளவு பணம் கொடு" என்று வேண்டுகோள் அனுப்பும் வசதியும் அதில் இருந்தது. அதை வைத்து நடந்த மோசடிகள் பெருகிய பிறகே, 2025 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கிடையே அந்த வசதியை நிறுத்தினார்கள். ஒரு ஓட்டையை அடைக்க எத்தனை வருடம் பாருங்கள்! க்யூ.ஆர். கட்டம் என்ற ஓட்டை இன்னும் திறந்தே இருக்கிறது.

"படிக்காத ஜனங்கள், ஏமாறுகிறார்கள்" என்று உச்சுக்கொட்டும் பெரிய மனிதர்களுக்கு ஒரு செய்தி. 2021 பிப்ரவரியில், அப்போது தில்லி முதல்வராக இருந்த அரவிந்த் கேஜ்ரிவாலின் மகள் ஒரு பழைய சோபாவை இப்படித்தான் விற்கப் போனார். முதலில் சிறு தொகை வந்தது. பிறகு க்யூ.ஆர். கட்டம் வந்தது. 34,000 ரூபாய் போயிற்று. அவர் படிக்காதவரா? அங்கே போலீஸ் ஓடியது, ஆட்கள் பிடிபட்டார்கள். நம் தாய்க்கோ, போன இடத்தில் "நீங்களே எண்ணை அழுத்திவிட்டு இங்கே வந்தால் எப்படி?" என்ற கேள்விதான் கிடைத்தது. புகாரை மலையாளத்தில் எழுதிவரச் சொன்னார்களாம். 1969ஆம் வருடத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களோடு தமிழர்கள் தமிழிலேயே எழுதிப் பேசலாம், பதிலும் அந்த மொழியிலேயே தர வேண்டும் என்கிறது. ஐம்பது வருடத்துக்கு மேலாகச் சட்டப் புத்தகத்தில் இருக்கும் உரிமை, பணத்தைப் பறிகொடுத்து ஓடிவரும் நேரத்தில்கூடக் கைக்கு எட்டவில்லை. இவ்வகை மோசடியில் முதல் ஒன்றிரண்டு மணி நேரமே முக்கியம். 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசினால், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் நிறுத்த வழியுண்டு. மனு எழுத ஆள் தேடி அலைந்து, இரண்டாம் நாள் பேசினால் என்ன மிஞ்சும்?

பழைய பொருளை விற்பது நமக்குப் புதிதல்ல. வாணியங்குளம் மாட்டுச் சந்தைக்கோ பொள்ளாச்சிச் சந்தைக்கோ போனவர்களுக்குத் தெரியும். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார் தரகர். தரகர் யோக்கியர் என்று சொல்ல வரவில்லை, இரண்டு பக்கமும் தின்றவர்தான். ஆனால் அடுத்த வாரமும் அதே சந்தையில், அதே புளியமரத்தடியில் நின்றாக வேண்டியவர். மாடு உதைத்தாலோ பணம் வராவிட்டாலோ அவர் சட்டையைப் பிடிக்கலாம். நாம் ரயில்வே பார்சல் ஆபீசில் உட்கார்ந்து பேனா பிடிக்கிறவர்கள். ஒரு கூடை மாம்பழம் பாலக்காட்டிலிருந்து நகர வேண்டுமென்றால்கூட அனுப்புகிறவர் பெயர், பெறுகிறவர் பெயர், எடை, ரசீது எல்லாம் வேண்டும். கூடை தொலைந்தால் பதில் சொல்ல ஓர் அலுவலகம் இருக்கிறது. (பதில் வர எத்தனை மாதம் என்று கேட்காதீர்கள்!)

இந்தச் செல்போன் சந்தையில் யார் சட்டையைப் பிடிப்பது? கம்பெனி விளம்பரத்தில் சம்பாதிக்கிறது. உங்கள் பொருளை மேலே காட்டத் தனிக் கட்டணமும் வாங்குகிறது. மோசடி என்று போனால், "நாங்கள் இடம் மட்டும்தான் கொடுத்தோம், எச்சரிக்கைகளை எழுதி வைத்திருக்கிறோம்" என்று கை கழுவிக்கொள்கிறது. 2000ஆம் வருடத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு இப்படிப்பட்ட இடைத்தரகர்களுக்குக் குடை பிடிக்கிறது. 2020இல் வந்த மின்வணிக விதிகளோ, தொழிலாக அன்றிச் சொந்த முறையில் விற்கும் தனிநபரின் காரியத்தைத் தம் எல்லைக்கு வெளியே வைத்துவிட்டன. கடைக்காரரிடம் வாங்கி ஏமாந்தவருக்கு ஏதோ ஒரு கதவு உண்டு. வீட்டுப் பொருளை விற்று ஏமாந்தவர் தெருவில்தான் நிற்க வேண்டும். சந்தை நடத்திச் சுங்கம் வசூலிக்கிறவன், திருட்டு நடந்தால் "எனக்குத் தெரியாது" என்று சொல்வதை எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் ஒப்புக்கொண்டதில்லை. பாராளுமன்றம் மட்டும் ஒப்புக்கொள்கிறது.

இன்னொரு கண்ணியைப் பற்றியும் எழுதியாக வேண்டும். எல்லையில் வாழும் நமக்கே உரிய ஆபத்து அது. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து நம் தோழர் ஒருவர் தம் மோட்டார் சைக்கிளைச் செல்போன் மூலம் பொள்ளாச்சிப் பக்கத்து ஆளுக்கு விற்றார். பணம் ரொக்கமாகவே கிடைத்தது. சாவியையும் ஆர்.சி. புத்தகத்தையும் கொடுத்தார், ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். "பெயர் மாற்றம் நான் பார்த்துக்கொள்கிறேன் அண்ணா" என்றான் வாங்கியவன். வாங்கியவர் 30 நாளுக்குள் மாற்ற வேண்டும் என்பது சட்டம். விற்றவரும் மோட்டார் வாகன அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே சட்டம். மாநிலம் தாண்டிப் போகும் வண்டியென்றால் இங்கிருந்து ஆட்சேபணை இல்லாச் சான்று எடுக்க வேண்டும். இதெல்லாம் அலைச்சல் என்று இருவருமே விட்டுவிட்டார்கள்.

2023 ஜூன் முதல் கேரளச் சாலைகளில் 726 கேமராக்கள் அபராதம் எழுதத் தொடங்கின அல்லவா? அந்த வண்டி இப்போதும் வாளையாறு தாண்டி வருகிறது, ஹெல்மெட் இல்லாமல் வருகிறது. 500, 500 என்று அபராதச் சீட்டு நம் தோழரின் செல்போனுக்கு வருகிறது. அவன் எண்ணோ அணைந்து கிடக்கிறது. அபராதத்தோடு போனால் பரவாயில்லை. அந்த வண்டி மோதி ஒருவர் செத்தால், இன்ஷூரன்சும் காலாவதியாகியிருந்தால், நஷ்டஈடு யார் தலையில் விழும்? கைமாறிக் கைமாறிப் போன ஒரு காரின் வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு. வெள்ளைத்தாள் நிற்காது. வண்டியை விற்ற பணம் எப்போதோ பள்ளிக் கட்டணமாகப் போய்விட்டது. வண்டியின் பாவம் மட்டும் தோழர் பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பணம் ஒழுங்காக வந்துவிட்டாலும் நிம்மதி உண்டா? கிரைண்டர் விற்று 4,000 ரூபாயைக் கணக்கில் வாங்கிய ஒருவரின் வங்கிக் கணக்கையே, எங்கோ வடக்கில் ஒரு போலீஸ் நிலையத்தின் உத்தரவால் முடக்கிவிட்டார்கள். வந்த பணம் எவரிடமோ திருடிய பணமாம். மாதச் சம்பளமும் அதற்குள் மாட்டிக்கொண்டது. சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்தினால் போதும், முழுக் கணக்கையும் முடக்க வேண்டாம் என்பது 2023 முதல் வந்த இப்படிப்பட்ட வழக்குகளில் கேரள உயர் நீதிமன்றம் எடுத்த நிலை. ஆனால் 4,000 ரூபாய்க்காக எர்ணாகுளம் போய் வக்கீல் வைக்க நம்மில் யாரால் முடியும்?

இங்கே நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. திருட்டுப் பணம் இறங்குவதற்கு ஒரு கணக்கு வேண்டும். "உன் பாஸ்புக்கையும் ஏ.டி.எம். கார்டையும் கொடு, மாதம் சில ஆயிரம் தருகிறேன்" என்று ஆள் பிடிக்கிறார்கள். எஸ்டேட் பையன்களிடமும் வருகிறார்கள், கஞ்சிக்கோடு கம்பெனி வாசல்களிலும் நிற்கிறார்கள். கொடுத்தவன்தான் முதலில் விலங்கு மாட்டிக்கொள்கிறான், கொடுக்க வைத்தவன் அல்ல. ஜாம்தாராவிலும் மேவாத்திலும் உட்கார்ந்து போனில் பட்டாளத்துக்காரனாக நடிக்கிறவர்களில் பலர் வேலையற்ற வாலிபர்களே. அதற்காக அவர்களை மன்னிக்கச் சொல்லவில்லை. அந்தப் படுகுழி நம் லயத்து வாசல்வரை வந்துவிட்டது என்று சொல்கிறோம்.

அந்தத் தாயின் பிரிட்ஜ் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதே தோட்டத்தில், இரண்டு லயம் தள்ளி, ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு குடியிருக்கிறது. பழைய பிரிட்ஜ் கிடைக்குமா என்று ஒரு மாதமாக அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பணம் போன மறுநாள் அந்த மனிதர் வந்து கேட்டபோது, இந்திக் குரலைக் கேட்டதுமே பெரியவர் விரட்டிவிட்டார். பெரியவர்மேல் குற்றமில்லை, சூடு கண்ட பூனை. ஆனால் எழுபது எண்பது வருடத்துக்கு முன்னால் மலையேறி வந்த நம் பாட்டன்மாரையும், பாஷை தெரியாதவர்கள் என்று இப்படித்தான் வாசலில் நிறுத்தினார்கள். முகம் தெரியாத பட்டாளத்துக்காரனை நம்பினோம், தினம் ஒரே வண்டியில் வேலைக்குப் போகிறவரை நம்பவில்லை.

சங்கத் தோழர்கள் இரு குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேசினார்கள். 5,800 ரூபாய்க்கு முடிந்தது. 3,000 ரொக்கம், மீதி இரண்டு சம்பளத்தில். முதல் தவணை வந்துவிட்டது. அந்த அம்மாள் கம்பத்துக்குப் போகுமுன் ஐஸ் தட்டைத் தனியாகக் கழுவித் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இதையே ஓர் ஏற்பாடாகச் செய்யலாம் என்று பாலக்காடு, இடுக்கிக் கிளைகள் முடிவெடுத்திருக்கின்றன. ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணி முதல் கிளை அலுவலகங்களில் விற்பனைப் பலகை வைக்கப்படும். பொருள், விலை, கிளையின் எண் மட்டும் எழுதுவோம், வீட்டுப் பெண்களின் எண்ணை எழுதமாட்டோம். எந்த மாநிலத்துத் தொழிலாளியும் வாங்கலாம். வண்டி விற்கிறவர் ஆர்.சி.யும் 29, 30 ஆம் படிவங்களும் கொண்டுவர வேண்டும். படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நாமே எழுதித் தருகிறோம், ரயில்வேக்காரர்களுக்குப் படிவம் என்றால் பயமில்லை. இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. தமிழில் புகார் ஏற்க மறுக்கும் போலீஸ் நிலையங்களைப் பற்றித் தேதியோடும் நேரத்தோடும் எழுதிக் கொடுங்கள். மாவட்ட ஆட்சியர்களுக்கான மனுவில் சேர்க்க வேண்டும். அந்தத் தாயின் 21,000 ரூபாய் பற்றிய புகார் எண் நம்மிடம் இருக்கிறது. பணம் இன்னும் வரவில்லை.