ஹியூகோவில் ஒரு தமிழ்ப் பதிவு

வலைப்பதிவு தொடங்க எது நல்லது என்று கேட்பவர்களிடம் இப்போதெல்லாம் ஹியூகோ என்கிறேன். வேர்ட்பிரஸ் என்பேன் என்று எதிர்பார்த்து வந்தவர்களின் முகம் கொஞ்சம் மாறும்.

வேர்ட்பிரஸ் ஹோட்டல் தோசை. ஆள் வந்து கேட்டபின்தான் பிஎச்பி எழுந்து, டேட்டாபேஸைத் துழாவி, பக்கத்தை வார்த்துக் கொடுக்கும். மாதம் நாலு கட்டுரை எழுதுகிறவருக்கு அத்தனை அடுப்பு எதற்கு? ஹியூகோவும் அதே வகையைச் சேர்ந்த ஜெக்கிலும் எல்லாப் பக்கங்களையும் முன்கூட்டியே எச்டிஎம்எல் கோப்புகளாக எழுதி வைத்துவிடும். சர்வருக்கு அவற்றை எடுத்து நீட்டுவது மட்டுமே வேலை. உடைத்து நுழைய டேட்டாபேஸும் இல்லை, அட்மின் பக்கமும் இல்லை.

புது யோசனை இல்லை இது. 2001இல் வந்த மூவபிள் டைப்பும் இப்படித்தான் செய்தது. கிட்ஹப் நிறுவனர்களில் ஒருவரான டாம் பிரஸ்டன்-வெர்னர் 2008இல் ஜெக்கிலை வெளியிட்ட பிறகு அந்த வழக்கத்துக்கு மறுபடி உயிர் வந்தது. ஜெக்கிலுக்கு ரூபி வேண்டும். அதை நிறுவுவதே தனிப் பஞ்சாயத்து. 2013இல் வந்த ஹியூகோ ஒரே கோப்பு. என் ஓட்டு அதற்கு விழக் காரணம் இவ்வளவுதான்.

கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டுமே என்று பயப்பட வேண்டாம். தளத்தை உருவாக்க ஒரு வரி, ஒரு தீம், பிறகு ‘கன்டென்ட்’ ஃபோல்டருக்குள் மார்க்டவுனில் ஒரு கட்டுரை. ஹியூகோ சர்வரை ஓட்டி, பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 1313 என்று போட்டால் தளம் தெரியும். கட்டுரை மட்டும் தெரியாது! கட்டளையால் உருவாக்கிய கோப்பின் தலையில் ‘டிராஃப்ட் = ட்ரூ’ என்று தானாகவே எழுதப்பட்டிருக்கும். அதை ‘ஃபால்ஸ்’ ஆக்குங்கள்.

இதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. தமிழில் எழுதுகிறவருக்கு வரும் தொல்லைகள்தான் வேறு. தலைப்பைத் தமிழில் வைத்தால் முகவரியும் தமிழிலேயே அமையும். அதை வாட்ஸப்பில் ஒட்டும்போது பெரும்பாலும் சதவீதக் குறிகளாகச் சிதறிவிடும். யூனிகோடில் ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு ஐந்து குறியீடுகள். ஒவ்வொன்றும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டுக்கும் மூன்று எழுத்து. ஆக ஒரே சொல் 45 எழுத்தாகிறது. கோப்பின் தலையிலேயே ‘ஸ்லக்’ என்ற இடத்தில் ஆங்கில எழுத்தில் சிறு பெயர் கொடுத்துவிட்டால் தொல்லை இல்லை. தளத்தின் மொழியையும் அமெரிக்க ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றிவிடுங்கள்.

பல தீம்கள் ‘4 நிமிட வாசிப்பு’ என்று கட்டுரைக்கு மேலே போடும். நிமிடத்துக்குச் சுமார் 212 சொல் என்பது ஹியூகோவின் கணக்கு. ‘போய்விட்டிருக்கவேண்டியவர்களுக்கு’ என்பதும் அதற்கு ஒரே சொல்தான். அந்த வரியை நீக்கிவிடலாம்.

தீம் தேடுவதில் வாரக்கணக்கைத் தொலைப்பவர்கள் உண்டு. வெறும் எழுத்து மட்டும் உள்ள ஏதாவது ஒன்றை எடுத்து, சிஎஸ்எஸ்ஸில் வரி உயரத்தை 1.7 ஆக்குங்கள். இல்லாவிட்டால் ஆங்கிலத்துக்கு அளந்த இடைவெளியில் நம் கொம்புக்கும் சுழிக்கும் மூச்சுமுட்டும்.