பட்டத்திற்கு முன் பன்னிரண்டாம் வகுப்பு

கூட்டுறவு நிறுவனங்களில் பணியிடங்களுக்கு விண்ணப்பம் கோரப்படும் போதெல்லாம் ஒரு மனக்குறை நம் காதுக்குத் தவறாமல் எட்டுகின்றது. மனுதாரர் பட்டம் பெற்றவர், கணக்கு எழுதத் தெரிந்தவர், அனுபவமும் உடையவர், ஆயினும் மனு தள்ளுபடியாகின்றது. பட்டத்திற்குக் கீழே பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் இல்லை என்பதே காரணம். திறந்தவெளிப் பல்கலைக்கழக முறையில் நுழைவுத் தேர்வு எழுதி, நேரே பட்டப் படிப்பில் சேர்ந்தவர்களுக்கு நேரும் கதி இது.

சில மாதங்களுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்திற்கு ஆய்வுக்குச் சென்றிருந்தோம். அங்கத்தினரான ஓர் அம்மையார் தம் சான்றிதழ்களை ஒரு துணிப்பையில் கொண்டுவந்து நம்முன் பரப்பினார். சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குக் கட்டை அடுக்கப் போனவர்; மணமான பின் தறியில் அமர்ந்தவர். இரவில் படித்து, அஞ்சலில் வந்த புத்தகங்களைக் கொண்டே ஒரு பட்டமும் பெற்றுவிட்டார். கூட்டுறவு வங்கி உதவியாளர் பணிக்கு மனுச் செய்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. “இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால், அந்த மூன்று வருஷத்தில் பிளஸ் டூவையே முடித்திருப்பேனே சார்” என்றார். நம்மிடம் விடை இல்லை. ஆனால் இதே வழியில் காலெடுத்து வைக்க இருப்போருக்குச் சொல்ல வேண்டியது உண்டு.

திறந்தவெளி முறை தவறான நோக்கத்தில் பிறந்ததன்று. பிரிட்டனில் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் 1969இல் சாசனம் பெற்றது. நம் நாட்டில் 1982இல் ஆந்திரத்தில் முதல் திறந்தவெளிப் பல்கலைக்கழகமும், 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தவெளிப் பல்கலைக்கழகமும் தோன்றின. முறையான பள்ளிப் படிப்பு இல்லாதோரும் 21 வயது நிரம்பியிருந்தால் நுழைவுத் தேர்வு எழுதிப் பட்டப் படிப்பில் சேரலாம் எனப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 1985ஆம் ஆண்டு விதிகளே இடமளித்தன. இந்திரா காந்தி பல்கலைக்கழகம் இதற்கென ஆறு மாத ஆயத்தப் படிப்பு ஒன்றையும் நடத்தியது. அப்படிப்பு பன்னிரண்டாம் வகுப்புக்கு ஈடாகாது என்பதை அப்பல்கலைக்கழகமே தெளிவாகச் சொல்லியிருந்தது. எத்தனை பேர் அதைப் படித்துப் பார்த்தனர்?

படிக்க அனுமதிப்பது ஒன்று. வேலைக்கு ஏற்பது வேறு. 2009 பிப்ரவரியில் அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில், முதல் பட்டம் இல்லாமல் திறந்தவெளி முறையில் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என உச்சநீதிமன்றம் கூறிற்று. அதே ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் நாளிட்ட தமிழக அரசாணை எண் 107, பள்ளிப் படிப்பை முறையாக முடித்த பின் பெற்ற திறந்தவெளிப் பட்டங்களையே அரசுப் பணிக்கு ஏற்றது. கூட்டுறவு நிறுவனங்களுக்கான மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையத்தின் அறிவிப்புகளிலும் பட்டம் 10+2+3 என்ற வரிசையில் இருக்க வேண்டும் என்ற வாசகம் வந்துள்ளது. பட்டம் வாங்கிய பின் பன்னிரண்டாம் வகுப்பை எழுதினாலும், வரிசை மாறியது என்ற ஆட்சேபம் எழக்கூடும். ஆகவே எதை முதலில் படிப்பது என்பதே இங்கு முக்கியம்.

நம் பகுதியில் இது சிலரது பிரச்சினையன்று. காமராசர் 1957இலும் 1962இலும் சாத்தூர்த் தொகுதியிலிருந்து சட்டமன்றம் சென்றவர். அவர் காலத்தில் ஊர்தோறும் பள்ளிகள் எழுந்தன. 1956இல் மதிய உணவும் வந்தது. எனினும் பின்னைய ஆண்டுகளில் விடியுமுன் கிராமங்களுக்கு வந்து நின்ற தீப்பெட்டி ஆபீஸ் வண்டிகள் பிள்ளைகளை அள்ளிச் சென்றன. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. சிவகாசிக் குழந்தைகள் பற்றிய வழக்கில், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என 1996இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று பள்ளியை இழந்த பிள்ளைகள் இன்று நம் சங்கங்களின் நடுத்தர வயது அங்கத்தினர்கள். அவர்களுக்குக் குறுக்கு வழி காட்டுவது உதவியாகாது.

நேர்வழி இரண்டு உள்ளன. ஒன்று, மாநில அரசுத் தேர்வுத்துறை நடத்தும் தேர்வுகளைத் தனித்தேர்வராக எழுதுவது. எட்டாம் வகுப்பும் தேறாதவர் அதற்குரிய தனித்தேர்விலிருந்து தொடங்கலாம். பத்தாம் வகுப்பில் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குப் பள்ளியில் பதிந்துகொள்ள வேண்டும். இதை மறந்து இடர்ப்படுவோர் பலர். மேல்வகுப்பில் செய்முறை இல்லாத வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் ஆகிய பாடங்களே நம்மவர்க்கு ஏற்றவை என்பது நம் அபிப்பிராயம். கணக்குப்பதிவியல் சங்கத்திற்கே வேண்டிய பாடமுமாகும்.

மற்றொன்று, தேசியத் திறந்தநிலைப் பள்ளி. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தில் 1979இல் ஒரு திட்டமாகத் தொடங்கி 1989இல் தனி நிறுவனமானது இது. ஐந்து பாடங்களை ஐந்து ஆண்டுகளுக்குள், ஒன்பது வாய்ப்புகளில், ஒவ்வொன்றாகவும் தேறலாம். தறியையும் நிலத்தையும் விட்டு வர முடியாதவர்க்கு இந்தத் தவணை முறை பெரிய ஆறுதல். ஆனால் சேருமுன், தாம் நாடும் வேலைக்கு இச்சான்றிதழ் ஏற்கப்படுமா என்பதை உரிய அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுப் பெறுவது நலம். வாய்மொழி உறுதியை நம்பி ஆண்டுகளைக் கொடுத்துவிடக் கூடாது.

காலமும் பார்க்க வேண்டியதே. நம் கரிசல் மானாவாரியில் விதைப்பு புரட்டாசி, ஐப்பசியில். தை பிறந்தபின் களம் ஓய்கின்றது. நெசவாளர்க்குத் தீபாவளியும் பொங்கலும் கழிந்தால் சற்று மந்தம். பட்டாசு ஆபீசிலும் தீபாவளி முடிந்தால் நெருக்கடி தளரும். எனவே மார்ச்சில் நடக்கும் மாநிலத் தேர்வும், திறந்தநிலைப் பள்ளியின் ஏப்ரல்-மே தேர்வும் நமக்குத் தோது. அதே பள்ளியின் அக்டோபர்-நவம்பர் தேர்வைச் சம்சாரி ஒருவர் தேர்ந்தெடுத்தால், புத்தகமும் கலப்பையும் ஒரே நாளில் அவரை இழுக்கும்.

இத்தனை வயதில் எதற்கு இந்தப் பரீட்சை என்று கேட்பாரும் உளர். பிற்பட்ட, மிகப் பிற்பட்ட, தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்குக் கூட்டுறவுப் பணிகளில் உச்ச வயது வரம்பு இல்லை என்றே அறிவிப்புகள் கூறிவந்துள்ளன. நியாய விலைக் கடை விற்பனையாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்பும், கட்டுநருக்குப் பத்தாம் வகுப்பும் தகுதியாகக் கேட்கப்பட்டன. கூட்டுறவு மேலாண்மைப் பட்டயப் பயிற்சிக்கும் பன்னிரண்டாம் வகுப்புப் போதுமானது, பட்டம் வேண்டியதில்லை. இதை அறியாமல், பன்னிரண்டைத் தாண்டிக் குதித்துப் பட்டத்திற்கு ஓடியவர்கள் இரண்டையும் இழந்து நிற்கின்றனர்.

சங்கங்கள் இதில் சும்மா இருக்கலாகாது. 1844இல் தொடங்கிய ராச்டேல் முன்னோடிகள், பிற்பாடு தம் லாபத்தில் 100க்கு 2½ பங்கைக் கல்விக்கென ஒதுக்கினர். நாமோ கல்வி நிதிக்குரிய தொகையைச் செலுத்திவிட்டு, ரசீதைக் கோப்பில் வைப்பதோடு கடமை தீர்ந்ததென நினைக்கின்றோம். துணை விதி இடங்கொடுக்கும் அளவில், பொது நல நிதியிலிருந்து அங்கத்தினரின் தேர்வுக் கட்டணத்திற்கும் புத்தகத்திற்கும் உதவலாம். முறையான தீர்மானம் இன்றிச் செலவிட்டால் தணிக்கையில் ஆட்சேபம் வரும் என்பதையும் இன்ஸ்பெக்டர் என்ற முறையில் இங்கேயே சொல்லிவைக்கின்றோம்.

பணம்கூட அவ்வளவு வேண்டுவதில்லை. சங்கக் கட்டடம் மாலை ஆறு மணிக்குப் பூட்டப்படுகின்றது. அதை இரண்டு மணி நேரம் திறந்து வைத்து விளக்கெரிய விட்டால், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கிடைக்காமற் போகமாட்டார். தனித்தேர்வர்க்கான மனுக்கள் தேர்வுக்குச் சில மாதங்கள் முன்பே கோரப்படும். அறிவிப்பைச் செயலாளர் பார்த்து விளம்பரப் பலகையில் ஒட்ட வேண்டும். இவ்வாண்டு நாம் ஆய்வுக்கு வரும் சங்கங்களில், பள்ளிப் படிப்பு முடிக்காத அங்கத்தினர், பணியாளர் பட்டியல் ஒன்றைத் தயாராக வைத்திருக்குமாறு செயலாளர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.