செடியைப் பிடுங்கும் மீனோடு என்ன செய்வது?

சிரம்பான், பகாவ், தம்பின் பக்கத்துத் தோட்டப்புறங்களில் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது: “நேற்று நட்ட செடி இன்று காலை மேலே மிதக்கிறது. என் மீனுக்குச் செடியே ஆகாதா?”

ஆகும். ஆனால் எந்த மீனுக்கு எந்தச் செடி என்று பார்த்து வாங்க வேண்டும். பார்க்காமல் வாங்கினால் வாரம் 20, 30 வெள்ளி தண்ணீரில் போகும்.

செடியைப் பிடுங்குவது பெரும்பாலும் சிக்லிட் குடும்பத்து மீன்கள். ஏஞ்சல், டிஸ்கஸ், ஆஸ்கார், ஃபிளவர்ஹார்ன் எல்லாம் இந்தக் குடும்பம்தான். நாம் குழம்பு வைக்கும் தெலாப்பியாவும் இவற்றுக்குச் சொந்தம். முட்டையிடுவதற்குக் குழி தோண்டுவது, மண்ணை வாயில் அள்ளிச் சலித்து இரை தேடுவது, தன் எல்லையைத் துப்புரவாக வைத்துக்கொள்வது, இவையெல்லாம் அவற்றின் பிறவிக் குணம். அடித்தாலும் மாறாது, பட்டினி போட்டாலும் மாறாது. நாம்தான் செடியை மாற்ற வேண்டும்.

சாதுவான வகை: ஏஞ்சல், டிஸ்கஸ், ராம் போன்றவை தென் அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்தவை. உப்புச்சத்துக் குறைந்த மென்னீர் இவற்றுக்குப் பிடிக்கும். நம் பக்கத்துத் தண்ணீர் பொதுவாக மென்னீர்தான். குளோரின் போக மருந்து விட்டால் பெரிய தொல்லை இல்லை. இவற்றோடு அமேசான் வாள் செடியைத் தாராளமாக நடலாம். அதன் அகன்ற இலையில் ஏஞ்சல் முட்டையிடும். டிஸ்கஸுக்கு 28 முதல் 30 பாகை வரை சூடு வேண்டும். வாள் செடியும் அனுபியாஸும் அதைத் தாங்கும். போர்ட்டிக்சன் கடற்கரையில் காய்ந்து விழும் கெத்தாபாங் இலையைக் கழுவி ஒன்றிரண்டு போட்டால், தண்ணீர் தேநீர் நிறத்தில் மாறும். அது இந்த மீன்களுக்கு நல்லது.

பாறை வகை: நீலமும் மஞ்சளுமாக மின்னும் ஆப்பிரிக்க மீன்கள் மலாவி ஏரியிலிருந்து வந்தவை. அந்த ஏரித் தண்ணீர் காரத்தன்மை உள்ள கடினநீர். அதனால் வடிகட்டியில் பவளத் துண்டு போட்டு வைக்கிறோம். இங்கே கெத்தாபாங் இலை கூடாது. மண்ணில் நடும் செடியும் நிற்காது. அனுபியாஸையும் ஜாவா ஃபெர்னையும் தூண்டில் நரம்பால் கல்லில் கட்டிவிடுங்கள். இவற்றின் கிழங்குத்தண்டு மண்ணுக்குள் போனால் அழுகிவிடும். வெளியே இருப்பதுதான் சரி. இலை தடிப்பாக இருப்பதால் மீனும் அவ்வளவாகக் கடிக்காது. நாடா போல நீளும் வாலிஸ்நேரியாவும் கடினநீரைத் தாங்கும். வேர் பிடிக்கும் வரை சுற்றிலும் கல் அடுக்குங்கள்.

முரட்டு வகை: ஆஸ்கார், ஃபிளவர்ஹார்ன் இரண்டும் ஓரடி நீளம் வளரக்கூடியவை. ஃபிளவர்ஹார்ன் எந்த ஆற்றிலும் பிறந்ததில்லை. 1990களில் நம் நாட்டில் கலப்பில் உருவாக்கப்பட்ட மீன் அது. இவை இருக்கும் தொட்டிக்குள் செடி நடுவது வீண். மணி பிளாண்ட் கொடியைத் தொட்டி விளிம்பில் வைத்து, வேரை மட்டும் வலைக்கூடைக்குள் தண்ணீரில் விடுங்கள். இலை வெளியே இருக்கும், மீனுக்கு எட்டாது. மீன் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட்டை வேர் உறிஞ்சிக்கொள்ளும். ஒரு காசும் செலவில்லை.

தொட்டியின் அளவும் முக்கியம். 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள தொட்டியில் 54 லிட்டர்தான் பிடிக்கும். அதில் ராம் ஒரு ஜோடி வாழும். ஆஸ்கார் வளர்க்க நான்கடித் தொட்டியாவது வேண்டும்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் சில வார்த்தைகள்.

ரப்பர் கட்டையைத் தொட்டியில் போடாதீர்கள். மாவுச்சத்து மிகுந்த மரம் அது. பூஞ்சை பிடித்துச் சீக்கிரம் மக்கும், தண்ணீரும் கெடும். செம்பனைக்குப் போடும் உரத்தை, செடி செழிக்கும் என்று ஒரு சிட்டிகைகூடப் போடாதீர்கள். அதில் உள்ள அம்மோனியம், காரநீரில் அம்மோனியாவாக மாறி மீனைக் கொல்லும். மலாவி மீன் வைத்திருப்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

ஓடையில் செடி எடுப்பவர்கள், அந்தப் பக்கம் களைக்கொல்லி அடித்திருக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். பாராகுவாட் மருந்து 2020 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது என்றாலும், வேறு மருந்துகள் அடிக்கிறார்கள். எடுத்த செடியை இரண்டு வாரம் வாளியில் தனியாக வையுங்கள். வாளியில் இரண்டு கப்பி மீன் விடுங்கள். இல்லாவிட்டால் ஏடிஸ் கொசு முட்டையிடும். வீட்டில் கொசுப்புழு இருந்தால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு. காட்டோர ஓடை நிழலில் வளரும் கிரிப்டோகோரைன் செடியை மட்டும் பிடுங்க வேண்டாம். சேம்புக்கு உறவான அந்தச் செடி, சதுப்பு நிலம் அழிய அழியக் குறைந்து வருகிறது. கடையில் வளர்த்து விற்பதை வாங்குங்கள். நட்டதும் அதன் இலை கரைந்து போனால் பயப்பட வேண்டாம். வேரைக் கிளறாமல் விட்டால் மறுபடி துளிர்க்கும்.

மீன் பெரிதாகிவிட்டது, தாமானுக்குக் குடிபெயர்கிறோம், தொட்டிக்கு இடமில்லை என்று தோட்டத்துக் குட்டையில் கொண்டுபோய் விடுபவர்கள் இருக்கிறார்கள். பாவம், பிழைத்துப் போகட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் தீபகற்ப மலேசியாவின் ஆறுகளில் சிக்லிட் மீனே இயற்கையில் கிடையாது. ஜப்பான்காரன் காலத்தில் ஜாவாவிலிருந்து சாப்பாட்டுக்காகக் கொண்டுவந்த தெலாப்பியா இன்று எங்கும் நிறைந்திருக்கிறது. தூண்டில்காரர்களுக்காகப் பரவிய பீக்கோக் பாஸ், ஈய லம்பங்களிலும் தெமெங்கோர் ஏரியிலும் பெருகிவிட்டது. அதுவும் சிக்லிட்தான். நம் பிள்ளைகள் ஓடையில் கை விட்டுப் பிடிக்கும் சண்டை மீனும் விரால் குஞ்சும் இவற்றுக்கு ஒரு வாய் இரை.

வேண்டாத மீனைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். பல கடைகளில் வாங்கிக்கொள்வார்கள். இல்லையென்றால் அக்கம்பக்கத்தில் தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். வாங்குவதற்கு முன்பே, இந்த மீன் எவ்வளவு வளரும் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் இந்தக் கவலையே வராது.