வாக்கில்லாதவர் கணக்கில் வருவதில்லை

வாக்களிக்கும் வயதை 16 ஆகக் குறைக்கப்போவதாக பிரிட்டன் அரசு 2025-இல் அறிவித்தபோது, இளையோருக்கு அதற்கான முதிர்ச்சி உண்டா என்ற கேள்வி எழுந்தது. தொழிற்புரட்சிக் காலத்தில் தொழிலாளர்களை நோக்கியும் இதே ஐயம் எழுப்பப்பட்டது.

1832-ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டம், நகரங்களில் ஆண்டுக்கு 10 பவுண்டு மதிப்புள்ள வீடுகளில் குடியிருந்த ஆண்களுக்கு வாக்குரிமை அளித்தது. ஆலைத் தொழிலாளரில் பெரும்பாலோர் வெளியே நிறுத்தப்பட்டனர். இரண்டே ஆண்டுகளில் நாடாளுமன்றம் புதிய ஏழையர் சட்டத்தை இயற்றியது. உதவி நாடிய ஏழைகளின் குடும்பங்கள் பணியில்லங்களில் பிரித்து வைக்கப்பட்டன. 1842-இல் சாசன இயக்கத்தினர் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களுடன் அளித்த மனுவும் நிராகரிக்கப்பட்டது. நகர்ப்புறத் தொழிலாளர் பலருக்கு 1867-இல்தான் வாக்குரிமை கிட்டியது.

இன்றைய இளையோர் இரண்டாண்டுகள் காத்திருந்தால் போதும். அன்றைய தொழிலாளிக்கு அந்த உறுதியும் இல்லை. எனினும், பொருளியல் பயிற்றுவித்தவன் என்ற முறையில் நான் வலியுறுத்துவது ஒன்றே: வாக்கில்லாதவரின் துயரம் ஆட்சியாளரின் வரவு-செலவுக் கணக்கில் எளிதில் இடம்பெறுவதில்லை.