புதுப்பிக்கப்படும் வீடு, இடிக்கப்படும் உரிமை

நகரங்களில் வீட்டைப் புதுப்பிப்போர் ஒப்பந்ததாரரிடம் டைல்ஸின் விலையையும் பெயின்டின் தரத்தையும் துருவித் துருவிக் கேட்கின்றனர். சாரத்தில் ஏறும் தொழிலாளிக்குப் பாதுகாப்புக் கயிறு உண்டா என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை.

இந்த அலட்சியத்திற்குச் சட்டமே துணைபோகிறது. 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம், தனிநபர் தம் சொந்தக் குடியிருப்புக்காகச் செய்யும் 10 லட்சம் ரூபாய் வரையிலான வேலைக்கு விலக்களித்தது. மோடி அரசு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைப்படுத்திய தொகுப்புச் சட்டங்களில் அவ்வரம்பு 50 லட்சம்! பத்துப் பேருக்கு மேல் உழைக்கும் 40 லட்சம் ரூபாய் வேலையில் 1 சதவீத நலவரி 40,000 ரூபாய். இனி அதுவும் நல நிதிக்கு வராது. விலைவாசி உயர்ந்ததால் வரம்பும் உயர்ந்தது என்பர். சாரத்திலிருந்து விழுபவரின் மருத்துவச் செலவு உயரவில்லையா?

இவ்விலக்கை நீக்கப் போராடும் கட்சி உறுப்பினர், தம் வீட்டு வேலையில் அவ்விலக்கின் நிழலில் ஒதுங்கலாகாது. கூலி, பாதுகாப்புச் சாதனங்கள், விபத்து இழப்பீடு ஆகியவை ஒப்பந்தத்தில் எழுத்தில் இடம்பெற வேண்டும். நல வாரியப் பதிவுக்கு 90 நாள் வேலை காட்டியாக வேண்டிய தொழிலாளிக்கு, உழைத்த நாட்களுக்குச் சான்றளிக்க வேண்டும். வீட்டு வாசலில் மறுக்கப்படும் உரிமையை வீதியில் முழங்குவதில் பொருளில்லை.