நீச்சற்குளமும் ஒரு புங்க மரமும்

பெங்களூரின் கிழக்கெல்லையில் அறுபது குடும்பங்கள் வாழும் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து அன்பர் ஒருவர் நமக்கு மடல் விடுத்துள்ளார். கட்டடத்தின் பின்புறம் வெறுமையாய்க் கிடக்கும் நிலத்தில் நீச்சற்குளமும் பூங்காவும் அமைக்க அங்குள்ள குடியிருப்போர் சங்கம் எண்ணியிருக்கின்றதாம். வரைந்து வந்த படத்திலே நீர் கரையோடு சமமாய் நின்று தளும்பி வழிகின்றதாம். ஆனால் அந்நிலத்தில் இன்று நிற்கும் புங்க மரம் மட்டும் படத்தில் இல்லை. அதனடியில்தான் அன்பரின் தாயார் மாலைதோறும் அமர்வது வழக்கம். "பணம் தரலாமா, மறுத்துரைக்கலாமா?" என வினவுகின்றார்.

குளமே வேண்டா என்று நாம் சொல்லமாட்டோம். ஊர்க் கிணற்றில் குதித்து நீந்தக் கற்றவர் நம்மில் பலர். நம் பிள்ளைகளுக்கு அப்பேறு இல்லை. எனினும், பணத்தைப் பற்றிப் பேசுமுன் நீரைப் பற்றிப் பேசுதல் வேண்டும்.

12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழம் உடைய குளம் 86,400 லிட்டர் கொள்ளும். நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாய்ப் போனாலும் 360 லிட்டர் குறையும். மழை காணாத நூறு நாளுக்கு 36,000 லிட்டர் ஆயிற்று. வடிகட்டியைக் கழுவும் நீர் இதில் சேரவில்லை. இந்நகரக் குழாயில் வருவதோ ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து மூன்று நிலைகளில் இறைத்து ஏற்றப்படும் காவிரி நீர். 2024 மார்ச்சில் குடம் ஏந்தி லாரிக்குக் காத்திருந்ததை நாம் மறக்கவில்லை. நீச்சற்குளங்களுக்குக் குடிநீரைப் பயன்படுத்தலாகாது, மீறினால் 5,000 ரூபாய் தண்டம் என்று குடிநீர் வாரியம் ஆணையிட்டதும் அப்பொழுதுதான். ஆகவே, மொட்டை மாடியின் மழைநீரைச் சேர்க்கும் நிலத்தடித் தொட்டியை முதலில் கட்டுக. குளம் அதன் பின்னர் வரட்டும்.

தளும்பி வழியும் விளிம்பைப் பற்றி ஒரு சொல். நம் கோயிற் குளங்களைக் கட்டியோர் நீர் ஏறும், இறங்கும் என்பதை அறிந்தே படிகளை அமைத்தனர். கோடையில் நீர் பத்துப் படி இறங்கினாலும் குளம் குளமாகவே இருந்தது. வழியும் விளிம்போ அங்குலம் குறைந்தாலும் அழகிழந்து நிற்கும். வழிந்த நீரைப் பிடிக்கத் தனித் தொட்டியும், அதனை மேலேற்ற ஓயாத மின்விசையும் கேட்கும். கரைக்குச் சற்றே கீழ் நீர் நிற்கும் எளிய குளம் நமக்குப் போதும். இரவில் மேலே விரிப்பு ஒன்றை இட்டு மூடினால் ஆவியாதலும் குறையும்.

(மொட்டை மாடியிலேயே குளம் கட்டலாம் என்போரும் உளர். 1 மீட்டர் ஆழ நீர் சதுர மீட்டருக்கு 1,000 கிலோ அழுத்தும். வீட்டுத் தளத்தில் ஆட்களுக்கும் தட்டுமுட்டுக்குமாகக் கணிக்கப்படும் சுமை வழக்கமாக 200 கிலோவே. கட்டியெழுப்பிய மாடியின்மீது இவ்வாசை ஆகாது.)

குழந்தைகளின் பொருட்டு ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுத்தல் கூடாது. குளத்தைச் சுற்றி மார்பளவு வேலியும், தானே சாத்திக்கொள்ளும் கதவும் வேண்டும். அக்கதவின் தாழ் சிறு கைக்கு எட்டாத உயரத்தில் இருத்தல் வேண்டும். கண்ணுக்கு இடைஞ்சல் என்று வேலியை நீக்கச் சொல்வோர் எக்கூட்டத்திலும் இருப்பர்; அவர்க்கு இணங்கற்க.

இனி அந்தப் புங்க மரம். நீந்துவோர் நாளில் ஒரு மணி நேரம் வருவர். முதியோரும், கைக்குழந்தை வைத்திருப்போரும், பள்ளி விட்டு வந்த சிறாரும் பொழுதெல்லாம் அங்கேயே இருப்பவர். இவர்கட்கு வேண்டியது நிழலும், சாய்ந்தமர ஒரு திண்ணையும், வழுக்காத நடைபாதையுமே. படத்தில் உள்ள சாய்வு நாற்காலி வரிசை வெயிலில் காயும். நண்பகலில் அதில் யார் அமர்வார்?

குளத்தின் நீளத்தில் 3 மீட்டரைக் குறைத்தால் மரம் பிழைக்கக்கூடும். நீரும் 21,600 லிட்டர் மிஞ்சும். மாசி, பங்குனியில் புங்கன் இலையுதிர்க்கும் என்பது மெய். அவ்விரு திங்களும் நாளும் ஒருமுறை வலையிட்டு அள்ள வேண்டியிருக்கும். அன்பர் இதனைச் சங்கக் கூட்டத்தில் எடுத்துரைக்கட்டும். தாயாரையும் உடன் அழைத்துச் செல்லட்டும். முடிவு எதுவாயினும் நமக்கு எழுதுக.