தூண்டிலுக்கு முன் உயிர்காப்பு அங்கி

விக்டோரியா நீர்த்தேக்கத்தின் மட்டம் இறங்கும் மாதங்களில் பழைய தெல்தெனிய மெல்லத் தலைகாட்டும். 1985இல் திறக்கப்பட்ட அணையால் தண்ணீருக்குள் போன ஊர் அது. சுவர்களின் அடிப்பாகம், படிக்கட்டு, பட்டுப்போன மரக்கட்டை என ஒவ்வொன்றாக வெளியே வரும்போது பார்க்க ஆட்கள் கூடுகிறார்கள். வெளியே தெரிவதால் ஆபத்தில்லை. தண்ணீருக்கு ஓரடி கீழே கண்ணுக்குத் தெரியாமல் நிற்பவைதான் மீன் பிடிக்கப் போகிறவருக்கு எமன். லொறி டயரின் டியூபில் காற்றடித்து, நடுவில் கயிறு பின்னி, அதில் உட்கார்ந்து தூண்டில் போடும் இளைஞருக்கும் அடியிலுள்ள ஆழத்துக்கும் இடையே இருப்பது ஒரே ஒரு ரப்பர் தோல். துருப்பிடித்த கம்பி ஒன்று அதைக் கிழித்துவிட்டால், கரைக்குத் திரும்ப அவரிடம் வேறெந்த வழியும் இல்லை.

இப்படி உயிர் போகும்போதெல்லாம் எழும் குரல் ஒன்றுதான்: டியூபில் இறங்குவதைத் தடைசெய்யுங்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது நடக்கிற காரியமல்ல. நீர்த்தேக்கங்களின் கரை வளைந்து வளைந்து பல கிலோமீற்றர் ஓடுகிறது. ஒவ்வொரு வளைவிலும் காவலுக்கு ஆள் நிறுத்த யாராலும் முடியாது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் கடல்மீனும் இறைச்சியும் விலையேறிய நாட்டில், ஜப்பான் மீன் எனப்படும் திலாப்பியா இரண்டு கிலோவோடு வீடு திரும்பும் பையனிடம் சட்டம் பேசுவதில் பயனும் இல்லை. அவர் எப்படியும் இறங்கத்தான் போகிறார். இறங்குகிறவர் உயிரோடு கரையேற என்ன வேண்டும் என்பதே பேச வேண்டிய விடயம். அந்தத் தேவைகளை அவர் கைக்கு எட்டும்படி செய்வதே அரசின் வேலையும் மீனவர் சங்கங்களின் வேலையும்.

கண்டியைச் சுற்றியுள்ள இந்தப் பெரிய நீர்ப்பரப்புகளுக்கு வயது குறைவு. பொல்கொல்ல அணைக்கட்டு 1976இல் வந்தது. கொத்மலையும் விக்டோரியாவும் 1985இல், ரந்தெனிகல 1986இல். விக்டோரியா மட்டும் 72 கோடி கன மீற்றர் தண்ணீரைக் கொள்ளும். அதற்கு முன் கண்டிப் பக்கத்தில் பெரும்பாலும் இருந்தவை ஆறும் ஓடையும்தான். ஆற்றைக் கடக்கத் தோணியும் தெப்பமும் இருந்தன. பரந்த நீரில் போய் மீன் பிடிக்கும் பழக்கம் இல்லை. அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்துக் குளங்களில் புறமிதவை கட்டிய சிறு கண்ணாடியிழைத் தோணிகள் சாதாரணம். மலையகத்தில் வார விடுமுறைக்குத் தண்ணீருக்கு வரும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கும் அப்படியொரு தோணி எட்டாக் கனி. டயர் கடையில் கிடைக்கும் பழைய டியூபும், மீன் பெட்டியில் எடுத்த ரெஜிபோம் பலகையும்தான் அவர்களுக்குப் படகு.

அரசு ஒதுங்கி நின்ற வரலாறும் இதில் உண்டு. மொசாம்பிக் திலாப்பியாவை 1952இல் இலங்கைக் குளங்களில் விட்டதே அரசுதான். அந்த மீன்தான் நன்னீர் மீன்பிடியை வாழவைத்தது. அதே அரசு 1990இல் உள்நாட்டு நன்னீர் மீன்பிடிக்கான ஆதரவை முழுவதும் விலக்கிக்கொண்டது. உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகக் கூடாது என்ற மதக் கருத்து அதற்குப் பின்னால் இருந்தது. 1994இல்தான் அந்த ஆதரவு திரும்பியது. நக்டா எனப்படும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. மத நம்பிக்கையை மதிக்க வேண்டியதுதான். கண்டி வாவியில் தூண்டில் போடாமல் இருப்பது அந்த மரியாதையின் அடையாளம்; அது அப்படியே இருக்கட்டும். ஆனால் மற்ற இடங்களில் மீன் பிடிக்கும் மனிதரின் உயிரும் உயிர்தான்.

வெளிநாடுகளில் டியூப் மிதவை ஒரு தனிக் கலையாகவே வளர்ந்துவிட்டது. 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்கர்கள் தொடங்கியதும் இதே லொறி டியூபோடுதான். அதன்மேல் கான்வாஸ் உறை போர்த்தி, நடுவில் இருக்கை தைத்தார்கள். வட்டமாக இருந்தது பிறகு குதிரை லாட வடிவமாகவும் ஆங்கில ‘வி’ எழுத்து வடிவமாகவும் மாறியது. முன்பக்கம் திறந்திருந்தால் அவசரத்தில் வெளியேற முடியும் என்பது அந்த மாற்றத்தின் பெரிய நன்மை. முழு வட்டத்துக்குள் கால் விட்டு உட்கார்ந்தவர் கவிழ்ந்தால், கால் கயிற்றில் சிக்கித் தலைகீழாகத் தொங்க நேரிடும். நம் பையன்கள் இன்றும் பயன்படுத்துவது அந்த ஆபத்தான பழைய வட்டத்தைத்தான்.

முதற்செலவு எதற்கு என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். ரீலுக்கும் தூண்டில் தடிக்கும் பல ஆயிரம் ரூபா கொடுப்பவர் உயிர்காப்பு அங்கி என்றதும் ‘எனக்கு நீந்தத் தெரியும்’ என்கிறார். நீந்தத் தெரிந்தவரும் தூண்டில் நரம்பில் சிக்கிய காலோடு, நனைந்த ஜீன்ஸோடு, எதிர்க்காற்றில் கால் கிலோமீற்றர் நீந்த மாட்டார். அமெரிக்கக் கரையோரக் காவல்படையின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், படகு விபத்தில் மூழ்கி இறந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் அங்கி அணியாதவர்கள். உலகில் 2021இல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. இலங்கையிலும் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் இப்படிப் போகிறார்கள்.

அங்கியிலும் தரம் உண்டு. சர்வதேசத் தரக்குறியில் 50 நியூட்டன் என்று போட்டிருந்தால் அது ஏறக்குறைய ஐந்து கிலோ எடையைத் தூக்கிப் பிடிக்கும். மனித உடலின் பெரும்பகுதி தானாகவே மிதப்பதால், நினைவோடு இருக்கும் ஒருவரின் தலையை மேலே வைத்திருக்க அது போதும். நன்றாக நீந்தத் தெரிந்து, கரைக்கு அருகிலேயே இருப்பவருக்குத்தான் அது. மயங்கினால் முகத்தை வானம் பார்க்கத் திருப்பும் திறன் 100 நியூட்டன் அங்கிக்கு உண்டு. நீச்சல் தெரியாதவர் அதைத்தான் வாங்க வேண்டும். தூண்டில் முள்ளோடு புழங்குகிறவருக்குக் காற்றடைக்கும் அங்கியைவிட நுரை வைத்துத் தைத்த அங்கி நல்லது. போட்டபின் இன்னொருவர் இரு தோளையும் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கட்டும். காதுவரை ஏறினால் அது தளர்வு, பட்டியை இறுக்க வேண்டும். டியூபின் பின்னால் கட்டித் தொங்கவிட்ட அங்கியால் ஒரு பயனும் இல்லை.

அடுத்தது கால். கையாலும் பலகைத் துண்டாலும் துழாவுவதால் தூண்டிலைப் பிடிக்கக் கை இருக்காது. நீச்சல்காரர்கள் காலில் மாட்டும் ரப்பர் துடுப்பு ஒரு சோடி இருந்தால், உட்கார்ந்தபடியே காலை உதைத்துப் பின்பக்கமாக நகரலாம். இரண்டு கையும் மீனுக்கு. அந்தத் துடுப்பைக் கணுக்காலில் ஒரு நாடாவால் கட்டிக்கொள்ள வேண்டும், சேற்றில் கழன்றால் தேடிப் பிடிக்க முடியாது. இவ்வளவு இருந்தும் மிதவையின் வேகம் நடப்பதைவிடக் குறைவு. ஆகவே போகும்போது காற்றை எதிர்த்துப் போய், களைத்துத் திரும்பும்போது காற்று தள்ளிக்கொண்டு வரும்படி திட்டமிட வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டி விக்டோரியாப் பக்கம் இறங்கும் நாட்களில் இதை மறந்தால் மறுகரையில்தான் ஒதுங்க நேரிடும்.

மூன்றாவது, காற்றறை. ஒரே டியூபை நம்பக் கூடாது. தனித்தனியே காற்றடைத்த இரண்டு அறைகள் இருந்தால் ஒன்று போனாலும் மற்றது தாங்கும். அதற்கு வழியில்லாதவர், மூடி இறுகிய ஐந்து லீற்றர் பிளாஸ்டிக் கேன்கள் நான்கை டியூபோடு சேர்த்துக் கட்டினாலே இருபது கிலோ தூக்கும் துணை கிடைக்கும். டியூபின் மேல் தடித்த கான்வாஸ் அல்லது தார்ப்பாய் உறை கட்டாயம். வெயிலில் ரப்பர் வெடிப்பு விடும். உலோக வால்வு இடுப்பைக் கிழிக்கும். இரண்டையும் உறை தடுக்கும். கரையில் நல்ல வெயிலில் கல்போலக் காற்றடித்தால், தண்ணீரில் இறங்கியதும் அது குளிர்ந்து தளரும். தளர்ந்ததைப் பார்த்து மீண்டும் அடிக்கலாம். மாறாக, தண்ணீரில் இறுக அடித்த டியூபை நண்பகல் வெயிலில் கரையில் போட்டால் வெடிக்கும்.

மீனாலும் டியூபுக்கு ஆபத்து உண்டு. ஜப்பான் மீனின் முதுகுத் துடுப்பை விரலால் பின்னிருந்து முன்னாகத் தடவிப் பார்த்தவருக்குத் தெரியும்: பதினைந்து, பதினாறு முட்கள், ஒவ்வொன்றும் ஊசிமுனை. பிடித்த மீனை மடியில் போட்டால் அது துள்ளும் ஒரு துள்ளலில் முள் மெல்லிய ரப்பரில் இறங்கிவிடும். கைப்பிடி வைத்த வலையால் மீனை அள்ளி, தடித்த சாக்குப் பையில் போட்டு, பையை மிதவைக்கு வெளியே தொங்கவிட வேண்டும். விராலுக்குப் போடும் மும்முனைக் கொக்கிகளின் முட்களைக் குறட்டால் நசுக்கிவிடுவது மீனுக்கும் டியூபுக்கும் விரலுக்கும் நல்லது.

கழுத்தில் ஒரு விசில், அங்கியின் நெஞ்சில் மழுங்கிய முனைக் கத்தி. நங்கூரக் கல்லின் கயிறு காலைச் சுற்றினால் அறுக்க அந்தக் கத்தி வேண்டும். தொலைபேசிக்கு நீர்புகாப் பை. இவ்வளவுதான். இதற்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு பொருளும் மிதவையைத் தாழ்த்தும், கயிற்றைச் சிக்கலாக்கும்.

காசும் இடமும் உள்ளவர்களுக்கு இரட்டை மிதவை, அதாவது பொன்டூன், மேலும் நல்லது. இதை உள்ளூரிலேயே செய்யலாம். 160 மில்லிமீற்றர் பீவீசீ குழாயில் ஒரு மீற்றர் நீளம் சுமார் இருபது லீற்றர் இடம் பிடிக்கும். மூன்று மீற்றர்க் குழாய் நான்கை இருபக்கமும் இணைத்து, முனைகளை நன்றாக அடைத்தால், 240 கிலோ வரை தூக்கும். குழாய், சட்டம், இருக்கை, ஆள், மீன் எல்லாவற்றின் எடையையும் அதில் கழித்து, பாதியாவது மிச்சம் இருக்கும்படி கட்ட வேண்டும். குழாய்க்குள் இடையிடையே தடுப்பு வைத்தால் ஓரிடத்தில் உடைந்தாலும் முழுவதும் நிரம்பாது. ரெஜிபோமை மட்டும் தயவுசெய்து விட்டுவிட வேண்டும். அது பாறையில் உரசி மணிமணியாக உதிரும், அந்த மணிகள் மகாவலியோடு கடல்வரை போகும், ஆளின் எடையில் இரண்டாகவும் உடையும்.

எவ்வளவு நல்ல மிதவையும் அணைக்கு அருகில் காப்பாற்றாது. விக்டோரியாவின் எட்டு வான்கதவுகளும் மின்சாரமோ மனிதக் கையோ இல்லாமல், நீர்மட்டம் உச்சத்தைத் தொட்டதும் எதிரெடை முறையில் தாமாகத் திறப்பவை. பொல்கொல்லவில் உக்குவளை மின்நிலையத்துக்குப் போகும் சுரங்கத்தின் வாய் தண்ணீரை ஓயாமல் உள்ளே இழுக்கிறது. அணை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் மிதவையோடு இருக்கவே கூடாது. சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகல் இடிமழை கண்டிக்குப் பழகிய ஒன்று. காபன் இழைத் தூண்டில் மின்சாரம் கடத்தும். முதல் முழக்கம் கேட்டதும் கரைக்கு வர வேண்டும். விக்டோரியா–ரந்தெனிகல–ரந்தம்பே பகுதி 1987 முதல் சரணாலயம். எங்கே, எதற்கு அனுமதி வேண்டும் என்பதை இறங்குமுன் உரிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

இதெல்லாம் தனிமனிதர் செய்யக்கூடியவை. அங்கியின் விலை மட்டும் தோட்டத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்குச் சுமை. அதற்குத் தீர்வு இரவல். அமெரிக்காவில் பல ஏரிக்கரைகளில் அங்கிகளை இலவசமாக இரவல் கொடுக்கும் நிலையங்கள் உண்டு. காலையில் எடுத்து, மாலையில் கொக்கியில் மாட்டிவிட்டுப் போகிறார்கள். தமிழ்நாட்டில் ஒகேனக்கல் பரிசல்துறையில் அங்கி போடாமல் சுற்றுலாப் பயணியைப் பரிசலில் ஏற்றக் கூடாது என்பது விதி; அங்கி அங்கேயே கிடைப்பதால்தான் அந்த விதி நடைமுறையில் இருக்கிறது. அங்கியைக் கொடுத்துவிட்டுப் போடச் சொன்னால் போடுவார்கள்.

நக்டாவும் மத்திய மாகாண நிர்வாகமும் கண்டி, நுவரெலியா மாவட்டப் பிரதேச செயலகங்களும் சேர்ந்து இதைத் தொடங்க வேண்டும். தெல்தெனிய, திகன, கொத்மலை ஆகிய இடங்களில் மக்கள் வழக்கமாக நீரில் இறங்கும் துறைகளுக்குத் தலா பத்து அங்கிகள். வளர்ந்தவர்களுக்கு ஆறு, சிறுவருக்கு நான்கு. பக்கத்தில் நீண்ட கயிறு கட்டிய ஐந்து லீற்றர் கேன் ஒன்று, மூழ்குகிறவருக்கு எறிய. பொறுப்பை அந்தந்த இடத்து நன்னீர் மீனவர் சங்கத்திடம் ஒப்படைக்கலாம். அறிவித்தல் சிங்களத்திலும் தமிழிலும் இருக்க வேண்டும். கண்டி நகரில் தூண்டில் விற்கும் கடைக்காரர்களும் ரீலின் பக்கத்திலேயே அங்கியைத் தொங்கவிடலாம். ஐப்பசி மழை நீர்த்தேக்கங்களை நிரப்புவதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும்.